28ஆம் நாளுக்குப் பிறகு: அவுஸ்திரேலிய விசா இரத்து – வாசகர் கேள்வி, எங்கள் பதில்

இம்முறை விசா இரத்துப் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். முதலில் ஒரு விஷயம். 2024 ஒக்டோபர் 14 முதல் அவுஸ்திரேலியாவில் பழைய நிர்வாக மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் இல்லை. அதன் இடத்தில் நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம் இயங்குகிறது. கால எல்லைகளும் அதோடு மாறிவிட்டன. விசா இரத்தை மீளாய்வு செய்யும்படி தீர்ப்பாயத்திடம் கேட்க, அறிவித்தல் கிடைத்ததிலிருந்து இப்போது பொதுவாக 28 நாள்தான். 7 வேலை நாள், 21 நாள் என்று உறவினர் சொன்ன பழைய கணக்கை வைத்துக்கொண்டு யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: மெல்பேர்னில் படிக்கும் என் மகனின் மாணவர் விசாவை, பாடநெறியில் பதிவு இல்லை என்று இரத்துச் செய்துவிட்டார்கள். கடிதம் மார்ச் 2ஆம் திகதி ஏஜென்டின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. ஏஜென்ட் அப்போது ஊரில் இல்லை. மகனுக்கு விஷயம் தெரிந்தது ஏப்ரல் 8ஆம் திகதி. அந்த நாட்களில் அவன் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தான், டொக்டரின் கடிதமும் இருக்கிறது. காரணத்தைச் சொல்லித் தீர்ப்பாயத்திடம் ஏற்றுக்கொள்ளச் சொல்ல முடியாதா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அம்மா, உங்களுக்கு நம்பிக்கை தரும் பதிலைச் சொல்லத்தான் விருப்பம். ஆனால் சட்டம் இந்த இடத்தில் மிகக் கடுமையாக இருக்கிறது. தீர்ப்பாயத்தால் ஒரு நாளைக்கூட நீட்டித்தர முடியாது. விருப்பமில்லாமல் மறுக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், அவர்களுக்கு அந்த அதிகாரமே கிடையாது. மற்ற வகை வழக்குகளில் தாமதத்தை மன்னிக்கும் பிரிவு தீர்ப்பாயச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பிரிவு விசா வழக்குகளுக்குப் பொருந்தாது என்று 1958ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் 347ஆம் பிரிவு சொல்கிறது. பழைய தீர்ப்பாயத்துக்கும் இந்த அதிகாரம் இல்லை என்று 2018இல் பெடரல் நீதிமன்றத்தின் முழு ஆயம் தீர்ப்பளித்தது. புதிய சட்டமும் அதையே தொடர்கிறது. காலம் கடந்து வந்த விண்ணப்பத்தில் தீர்ப்பாயத்துக்கு நியாயாதிக்கம், அதாவது அதை விசாரிக்கும் சட்ட அதிகாரம், இல்லை. உங்கள் மகன் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அதைப் பார்க்கும் கட்டத்துக்கு அது போகவே முடியாது.

ஏஜென்ட் ஊரில் இல்லாததும் உதவாது. ஏஜென்டை நியமிக்கும் 956 படிவத்தில் அவரைப் பெறுநராகக் காட்டியிருந்தால், அவருக்குக் கொடுத்தது மகனுக்குக் கொடுத்ததாகவே சட்டம் கொள்ளும். மின்னஞ்சல் அனுப்பப்பட்ட நாளின் முடிவில் அது கிடைத்ததாகக் கருதப்படும். திறந்தாரா, வாசித்தாரா என்ற கேள்வி எழுவதில்லை. மார்ச் 2 கணக்கில் வராது. மார்ச் 3 முதலாம் நாள், மார்ச் 30 இருபத்தெட்டாம் நாள். அதன்படி காலம் முடிந்துவிட்டது.

ஆனாலும் இரத்துக் கடிதத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 28 நாள் ஓடத் தொடங்குவது, சரியான முறையில் சரியான இடத்துக்கு அறிவித்தல் போனால் மட்டும்தான். பார்க்க வேண்டியவை இவை. மின்னஞ்சல் போன முகவரி, விசாவைக் கையாளும் அவுஸ்திரேலியத் திணைக்களத்துக்குக் கடைசியாகக் கொடுத்த முகவரிதானா? ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் விஷயம் வேறு. அதற்கு முன்னரே ஏஜென்டை நீக்குவதாக மகன் எழுத்தில் அறிவித்திருந்தானா? கடிதத்தின் ‘மீளாய்வு உரிமை’ பகுதியில் இரத்துக்கான காரணப் பிரிவு, மீளாய்வு கேட்கலாமா, எத்தனை நாளுக்குள், யார், எங்கே விண்ணப்பிக்கலாம் என்ற எல்லாம் இருக்கின்றனவா? 2019இல் பெடரல் நீதிமன்றத்தின் முழு ஆயத்துக்கு வந்த ஒரு புகலிட விசா வழக்கில், காலக்கெடுவைக் கணக்கிடும் விபரங்கள் கடிதத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. சாதாரண வாசகரால் அதைப் புரிந்துகொள்ள முடியாது, ஆகவே முறையான அறிவித்தல் நடக்கவில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. முறையான அறிவித்தல் இல்லையென்றால் நாளும் ஓடவில்லை. அதற்குப் பிறகு கடிதங்கள் திருத்தப்பட்டுவிட்டதால் இந்த வாதம் எளிதில் கைகூடாது. என்றாலும் பார்க்காமல் விடக்கூடாது. ஏஜென்டிடமிருந்து அந்த மின்னஞ்சலைப் புகைப்படமாக வாங்காதீர்கள். மூலக் கோப்பாகவே அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பிய நேரமும் பெறுநர் முகவரியும் அதன் தலைப்புப் பகுதியில்தான் இருக்கும்.

பிழை ஏதாவது கண்ணில் பட்டால், காலம் கடந்ததாகத் தெரிந்தாலும் தீர்ப்பாயத்தில் உடனே விண்ணப்பியுங்கள். நியாயாதிக்கம் இருக்கிறதா என்பதைத் தீர்ப்பாயமே முதலில் முடிவு செய்யும், அதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்கும். ‘இல்லை’ என்று எழுதினால் அந்த முடிவை 35 நாளுக்குள் பெடரல் சர்கியூட் மற்றும் குடும்ப நீதிமன்றத்தின் 2ஆம் பிரிவுக்குக் கொண்டுபோகலாம். இந்த 35 நாள் தீர்ப்பாயத்தின் எழுத்து முடிவில் உள்ள திகதியிலிருந்து எண்ணப்படும். கையில் கிடைத்த நாளிலிருந்து அல்ல. நீதிமன்றத்தால் காலத்தை நீட்டவும் முடியும். டொக்டரின் கடிதம் பயன்படும் இடம் அதுதான், பத்திரமாக வைத்திருங்கள்.

பிழை எதுவும் இல்லையென்றால் வழி மிக ஒடுங்கிவிடும். தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கக்கூடிய முடிவை, காலம் தவறியதால் போக முடியாமல் போன பிறகு, அந்தக் கீழ் நீதிமன்றம் நேரடியாக விசாரிக்க முடியாது என்று 476ஆம் பிரிவு தடுக்கிறது. எஞ்சுவது கன்பராவிலுள்ள உயர் நீதிமன்றம். அரசியலமைப்பின் 75ஆம் பிரிவு தரும் அந்த அதிகாரத்தைப் பாராளுமன்றம் பறிக்க முடியாது. அந்த நீதிமன்றத்துக்குப் போவதற்கு வைத்த, நீட்டவே முடியாத கால எல்லை ஒன்றை 2007இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. இப்போதுள்ள எல்லை 35 நாள், அதை நீட்டக் கேட்கலாம். தீர்ப்பாயத்தை உண்டாக்கியது பாராளுமன்றம், ஆகவே அதன் கதவை எப்போது மூடுவது என்பதைப் பாராளுமன்றமே தீர்மானிக்கிறது. உயர் நீதிமன்றத்துக்குப் போனாலும் அங்கே கேட்கப்படுவது சட்டப் பிழை நடந்ததா என்பது மட்டுமே. மகன் ஏன் படிப்பைத் தொடரவில்லை என்பதை அங்கே யாரும் நிறுத்துப் பார்க்க மாட்டார்கள். செலவும் பெரிது. அந்த வகை வழக்கு நடத்தும் சட்டத்தரணியின் எழுத்து ஆலோசனை கையில் இல்லாமல் காணி ஈடு வைத்துப் பணம் அனுப்பாதீர்கள்.

அமைச்சரிடம் கருணை மனு கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். 351ஆம் பிரிவின் கீழ் அமைச்சர் தலையிட, தீர்ப்பாயம் வழக்கை மீளாய்வு செய்து ஒரு முடிவு கொடுத்திருக்க வேண்டும். ‘நியாயாதிக்கம் இல்லை’ என்ற பதில் அந்தக் கணக்கில் வராது. 28 நாளைத் தவறவிட்டால் இந்த வழியும் சேர்ந்தே அடைபட்டுவிடுகிறது. நாங்கள் காலக்கெடுவைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வேறு விசா கையில் இல்லையென்றால் இரத்தான நாளிலிருந்து மகன் அங்கே சட்டபூர்வமாக இல்லை. தற்காலிகமாகச் சட்டபூர்வமாகத் தங்க உதவும் பிரிட்ஜிங் விசா ‘ஈ’க்கு அவன் தானே முன்வந்து விண்ணப்பிக்க வேண்டும். பிடிபட்டுத் தடுப்பில் இருந்துகொண்டு கேட்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: மகனின் விசா போன வாரம் இரத்தாகிவிட்டது. 28 நாளில் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அங்கே வாடகையும் சாப்பாடும் கட்டுப்படியாகவில்லை. அவனைக் கூப்பிட்டெடுத்து, இங்கிருந்தே ஒன்லைனில் மீளாய்வுக்குப் போடலாமா? அல்லது தகப்பன் என்ற முறையில் நான் போடலாமா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: ஐயா, டிக்கெட் எடுக்க வேண்டாம். எடுத்திருந்தால் திகதியை மாற்றுங்கள்.

அவுஸ்திரேலியாவுக்குள் இருக்கும்போது இரத்தான விசாவுக்கு மீளாய்வு கேட்பவர், விண்ணப்பம் போடும் அந்த நேரத்தில் அவுஸ்திரேலிய மண்ணில் உடலளவில் இருக்க வேண்டும். கட்டுநாயக்கவில் இறங்கிய பிறகு போட்டால், நாள் மிச்சம் இருந்தாலும் தீர்ப்பாயத்துக்கு நியாயாதிக்கம் இல்லை. ஒன்லைன் படிவம் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும், பணத்தையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் வாங்கிக்கொண்டதாலேயே விண்ணப்பம் செல்லுபடியாகிவிடாது. இது பலருக்குத் தெரியாமல் போகிறது. ஏனென்றால் பெரும்பாலானவர்கள் திகதியை மட்டும் பார்க்கிறார்கள், ஆள் நிற்கும் இடத்தைப் பார்ப்பதில்லை.

நீங்களும் போட முடியாது. யாருடைய விசா இரத்தானதோ அவர்தான் விண்ணப்பதாரர். அவர் சார்பில் பதிவுபெற்ற ஏஜென்டோ சட்டத்தரணியோ படிவத்தை நிரப்பலாம், ஆனால் விண்ணப்பம் மகனின் பெயரில் இருக்க வேண்டும். விண்ணப்பித்த பிறகும் பிரிட்ஜிங் விசா ‘ஈ’யோடு வெளியேறினால் அந்த விசாவில் திரும்பி வர முடியாது. வழக்கு முடியும்வரை தங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும்.

இதோடு தொடர்புள்ள இன்னும் இரண்டு நிலைமைகள். விடுமுறைக்குக் கொழும்பு வந்திருக்கும்போது விசா இரத்தானால், 128ஆம் பிரிவின் கீழ் நடந்த அந்த இரத்துக்குத் தீர்ப்பாயத்தில் மீளாய்வு இல்லை. இரத்தை நீக்கும்படி திணைக்களத்துக்கே எழுத வேண்டும், அந்தக் காலம் அறிவித்தலில் இருக்கும். விமான நிலையத்தில் குடிவரவுச் சோதனையைத் தாண்டுமுன் இரத்துச் செய்தாலும் தீர்ப்பாயத்துக்கு வழியில்லை. விசா எந்தப் பிரிவில் இரத்தானது, அந்த நேரத்தில் ஆள் எங்கே நின்றார் என்ற இரண்டையும் சொல்லாமல் யாரிடம் ஆலோசனை கேட்டாலும் சரியான பதில் கிடைக்காது.

கேள்வி: 28 நாளுக்குள் என்னென்ன கொடுக்க வேண்டும்? எல்லா ஆதாரமும் சேர்ந்த பிறகுதான் போட வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார்.
– பம்பலப்பிட்டி வாசகி

பதில்: அந்த ஆலோசனை ஆபத்தானது. ஆதாரம் பின்னால் வரலாம், விண்ணப்பம் பின்னால் வர முடியாது. படிவம், இரத்து முடிவின் பிரதி, கட்டணம் ஆகிய மூன்றும் போதும். பல்கலைக்கழகக் கடிதம், வங்கிக் கூற்று, மருத்துவ அறிக்கை, எழுத்து வாதம் எல்லாவற்றையும் பிறகு சேர்க்கலாம்.

கட்டணம் 3,500 அவுஸ்திரேலிய டொலரைத் தாண்டிவிட்டது, ஒவ்வொரு ஜூலை 1ஆம் திகதியும் கூடுகிறது. கடுமையான பணக் கஷ்டத்தை நிரூபித்தால் பாதியாகக் குறைப்பார்கள். அந்தக் கோரிக்கையையும் 28 நாளுக்குள், விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். கொழும்பிலிருந்து காசு அனுப்பும் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. வங்கி வழியாக அனுப்பினால் நாட்கள் எடுக்கும். இலங்கைக் கடன் அட்டையில் இந்த அளவு வெளிநாட்டுக் கொடுப்பனவை வங்கி நிறுத்தி வைக்கலாம். கடைசி இரவில் அட்டை மறுக்கப்பட்டால் வேறு வழி தேட நேரம் இராது. அங்கேயுள்ள ஒரு உறவினரின் அட்டையை முதலிலேயே கேட்டு வைப்பது நல்லது.

நேர வித்தியாசத்தையும் கவனியுங்கள். சிட்னியிலும் மெல்பேர்னிலும் நள்ளிரவு ஆகும்போது நமக்கு மாலை 7.30. ஒக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதால் 6.30. ‘இன்றைக்கு இரவுக்குள் போடலாம்’ என்று வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் அங்கே அடுத்த நாள் பிறந்திருக்கும். கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது பொது விடுமுறையில் வந்தால் அடுத்த வேலை நாள்வரை செல்லும் என்ற பொது விதி இருக்கிறது. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். அந்த விடுமுறையும் அவுஸ்திரேலியாவின் விடுமுறைதான், நம் போயா தினம் அல்ல.

தபாலில் அறிவித்தல் வந்தால் கணக்கு வேறு. அவுஸ்திரேலியாவுக்குள் இருந்து அங்கேயுள்ள முகவரிக்கு அனுப்பினால், கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து 7 வேலை நாளில் கிடைத்ததாகக் கொள்வார்கள். கடிதத் திகதியிலிருந்து 3 வேலை நாளுக்குள் அதைத் தபாலில் சேர்த்திருக்கவும் வேண்டும். ஆகவே உறையை எறியாதீர்கள், தபால் முத்திரைத் திகதி அதில்தான் இருக்கிறது. அறிவித்தல் கிடைத்த நாளில் குடிவரவுத் தடுப்பில் இருந்தவருக்கு 28 நாள் கிடையாது, 7 நாள் மட்டுமே.

கேள்வி: அண்ணா அங்கே நிரந்தர வதிவிடம் உள்ளவர். 14 மாதச் சிறைத் தண்டனை அனுபவிக்கிறார். சிறைக்குள்ளேயே விசா இரத்துக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். இதற்கும் தீர்ப்பாயத்தில் 28 நாள்தானா?
– தெஹிவளை வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் 28 என்ற எண் இருக்கும், ஆனால் அது தீர்ப்பாயத்துக்கானது அல்ல. 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்று முழுநேரச் சிறையில் இருப்பவரின் விசா, நடத்தைக் காரணத்தால் 501ஆம் பிரிவின் கீழ் கட்டாயமாக இரத்தாகும். இந்த இரத்தை எதிர்த்து நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. இரத்தை நீக்கும்படி 28 நாளுக்குள் அமைச்சருக்கு எழுத வேண்டும். நீண்ட விளக்கம் தயாராகவில்லை என்றால், நீக்கக் கோருவதாகவும் காரணங்கள் தொடர்ந்து வரும் என்றும் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பட்டும். ஒரு பக்கம் போதும், அந்த ஒரு பக்கம் உரிய நாளுக்குள் போய்விட வேண்டும். சிறை நிர்வாகத்திடம் கொடுத்தால் கொடுத்த திகதியோடு ஒரு பிரதி வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

அமைச்சரின் சார்பில் ஓர் அதிகாரி ‘நீக்க முடியாது’ என்று முடிவெடுத்தால்தான் தீர்ப்பாயம். அதற்கு வெறும் 9 நாள். நீட்டிப்பு இல்லை. இரத்துக்கு 28 நாள் என்று கேட்டுப் பழகியவர்கள் இந்த 9 நாளில்தான் ஏமாந்துபோகிறார்கள். அமைச்சர் தானே முடிவெடுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழியே இல்லை, பெடரல் நீதிமன்றம்தான். தீர்ப்பாயத்துக்குப் போனால், நீக்க மறுத்த முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து 84 நாளுக்குள் முடிவு வர வேண்டும். வராவிட்டால் அதிகாரியின் முடிவையே தீர்ப்பாயம் உறுதிப்படுத்தியதாகச் சட்டம் கொள்ளும். இழுத்தடித்தால் பாதிக்கப்படுவது உங்கள் அண்ணாதான்.

ஆகவே இங்கிருந்து போக வேண்டிய கடிதங்களை இப்போதே தொடங்குங்கள். அவரை நம்பி இருக்கும் பெற்றோர், பிள்ளைகள் பற்றி விபரமாக எழுதுங்கள். ‘நல்லவர்’ என்று நாலு வரி எழுதுவதில் பயனில்லை. யாருக்கு எந்த மருந்துச் செலவை மாதாமாதம் எவ்வளவு அனுப்பிப் பார்த்தார் என்பது பாரம் கொண்டது. எழுதுபவருக்கு அவருடைய குற்றம் என்ன என்று தெரியும் என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத நற்சான்றுக்குப் பெறுமதி குறைவு. தமிழ், சிங்களப் பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, அவர் பெயர், முகவரி, தொலைபேசி, தகைமை எல்லாம் பக்கத்தில் இருக்கும்படி செய்யுங்கள்.

கேள்வி: கணவரின் வேலை விசாவில் நானும் பிள்ளைகளும் இணைந்திருக்கிறோம். அவருடையது இரத்தானால் நாங்கள் தனித்தனியாக மீளாய்வு கேட்க வேண்டுமா?
– தற்போது விடுமுறையில் கொழும்பில் இருக்கும் வாசகி

பதில்: முதன்மை விசா இரத்தானால் அதோடு இணைந்தவையும் 140ஆம் பிரிவின்படி தானாகவே இரத்தாகும். தானாக நடப்பதில் யாரும் ‘முடிவு’ எடுக்கவில்லை, ஆகவே மீளாய்வுக்கும் இடமில்லை. கணவரின் வழக்கு வென்றால் உங்களுடையவையும் மீளும். அவர் உரிய நாளுக்குள் போடுகிறாரா என்பதில்தான் நீங்கள் எல்லோரும் தங்கியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பெயருக்குத் தனியாக இரத்துக் கடிதம் வந்திருந்தால் அது வேறு, அதில் குறித்த பிரிவைச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

கேள்வி: தாமதமான அப்பீலையும் எடுத்துத் தருவதாகக் கொழும்பில் ஓர் ஏஜென்சி பணம் கேட்கிறது. நம்பலாமா? லண்டன், கனடாவிலும் இதே கடுமைதானா?
– வத்தளை வாசகர்

பதில்: அவுஸ்திரேலியத் தீர்ப்பாயத்தில் தாமதத்துக்கு அனுமதி வாங்கித் தருவதாக யார் சொன்னாலும் அது நடக்காத காரியம். பணம் கொடுக்காதீர்கள். அவுஸ்திரேலிய ஏஜென்டுக்கு 7 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். அரசின் பதிவேட்டில் இணையத்திலேயே இலவசமாகச் சரிபார்க்கலாம். எண்ணைத் தர மறுப்பவரோடு பேச்சை நிறுத்துங்கள்.

மற்ற இரண்டு நாடுகளும் இவ்வளவு இறுக்கமில்லை. பிரித்தானியாவில் முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்ய, உள்நாட்டில் இருப்பவருக்கு முடிவு அனுப்பப்பட்டதிலிருந்து 14 நாள். வெளிநாட்டில் இருப்பவருக்குக் கிடைத்ததிலிருந்து 28 நாள். தவறினால் மேன்முறையீட்டோடு சேர்த்துக் கால நீட்டிப்பும் காரணமும் எழுத வேண்டும், நீதிபதி ஏற்கலாம். கனடாவில் முடிவை எதிர்த்துப் பெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட அனுமதி கேட்பதற்கு, கனடாவுக்குள் எடுத்த முடிவுக்கு 15 நாள், வெளியே எடுத்த முடிவுக்கு 60 நாள். சிறப்புக் காரணம் இருந்தால் நீதிபதி நீட்டலாம். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் கேட்பார்கள். டொக்டர் துண்டு, விமானச் சீட்டு, ஏஜென்டுக்கு அனுப்பிய வட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள்.